காய்ச்சல் வந்த நாளின் கூலி

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில், ரயில்வே எழுத்தரும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை. நேரக் குறைவால் பேச்சில் விடுபட்ட சில விவரங்களைச் சேர்த்து அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார்.)



இன்று நான் பேச வந்திருப்பது பெரிய அரசியல் அல்ல என்று சிலர் நினைக்கலாம். தேர்தல் இல்லை, காவிரி இல்லை, மொழிப் பிரச்சினை இல்லை. காய்ச்சலைப் பற்றிப் பேசப் போகிறேன். காய்ச்சல் வந்த நாளில் வேலைக்குப் போகாமல் இருப்பதைப் பற்றிப் பேசப் போகிறேன். இது அரசியலா என்று கேட்டால், நமக்கு இதைவிடப் பெரிய அரசியல் இல்லை என்றுதான் சொல்வேன்.

சென்ற மாதம் நம் தெருவில் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஒரு பெரிய கட்டடத்தில் துப்புரவு வேலைக்குப் போகிற ஒரு அக்கா, மூன்று நாள் காய்ச்சலோடு வேலைக்குப் போனார். நான்காம் நாள் வாளியோடு படிக்கட்டில் விழுந்தார். தலையில் ஐந்து தையல். அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவரும் இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போன நாம் எல்லோரும் முதலில் கேட்ட கேள்வி என்ன? "ஏம்மா, ஒரு நாள் லீவு போட்டிருக்கக் கூடாதா?" அதற்கு அவர் சொன்ன பதிலை நான் இன்னும் மறக்கவில்லை. "லீவு போட்டா ஒரு நாள் கூலி மட்டுமா போவும்ணே? மாசக் கடைசியில தர்ற வருகைப் பணமும் போவும். மூணு நாள் போகலைன்னா என் இடத்துல வேற ஆளு நிப்பா."

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். காய்ச்சல் ஒன்றுதான். அதற்கு அபராதம் மூன்று. அன்றைய கூலி போகிறது, மாதத்தின் ஊக்கத்தொகை போகிறது, வேலையே போகலாம் என்ற பயம் வேறு. இத்தனையும் தெரிந்த ஒருத்தி காய்ச்சலோடு வேலைக்குப் போனதை அறியாமை என்று சொல்ல முடியாது. அவர் கணக்குத் தெரிந்துதான் போனார். அந்தக் கணக்கை எழுதி வைத்தவர்கள் யார் என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இரண்டு பதிவேடுகள்

தோழர்களே, நான் வருகைப் பதிவேடு எழுதுகிறவன். ஆள் வராத நாளில் கட்டத்தில் என்ன எழுத்து விழுகிறது என்பதில் ஒரு குடும்பத்தின் சோறு இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ரயில்வேயில் எங்களுக்கு உடம்பு முடியவில்லை என்றால் 'சிக்' என்று எழுதுவார்கள். ரயில்வே டாக்டரைப் பார்த்து, சிக் சர்டிபிகேட் வாங்கி, உடம்பு தேறியதும் ஃபிட் சர்டிபிகேட் கொடுத்து மறுபடி டூட்டியில் சேருவோம். வருஷத்துக்கு 20 நாள் அரைச் சம்பள விடுப்பு எங்கள் கணக்கில் ஏறுகிறது. டாக்டர் சான்று இருந்தால் அதையே பாதியாக்கி, 10 நாள் முழுச் சம்பளமாக எடுத்துக்கொள்ளலாம். இதெல்லாம் போக ஈட்டிய விடுப்பு இருக்கிறது, தற்செயல் விடுப்பு இருக்கிறது.

அதே பிளாட்பாரத்தைக் கூட்டுகிறவர், அதே ரயில் பெட்டியைக் கழுவுகிறவர் கன்ட்ராக்ட் ஆள். அவர் வராத நாளில் 'ஆப்சென்ட்' என்று ஓர் எழுத்து விழுகிறது. காய்ச்சலுக்கும் அதே எழுத்து, குழந்தை ஆஸ்பத்திரியில் கிடந்தாலும் அதே எழுத்து, குடித்துவிட்டுப் படுத்திருந்தாலும் அதே எழுத்து. எனக்கு வந்தால் நோய், அவருக்கு வந்தால் குற்றம். கிருமிக்கு இந்த வித்தியாசம் தெரியுமா?

இந்த இடத்தில் என்னுடைய தவறு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பல வருஷங்களுக்கு முன் நான் இருந்த ஓர் அலுவலகத்தில், ஒரு கன்ட்ராக்ட் தொழிலாளி ஆஸ்பத்திரிச் சீட்டோடு என் ஜன்னலுக்கு வந்தார். "சார், எட்டு நாள் டைபாய்டு. மேஸ்திரி சேர்த்துக்க மாட்டேங்கிறார். நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்" என்றார். நம் ஊர்க்காரர்தான், வாணியம்பாடிப் பக்கம். நான் என்ன சொன்னேன்? "அது என் செக்‌ஷன் இல்லை, கன்ட்ராக்டரைப் போய்ப் பார்" என்றேன். அவர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். மறுபடி அவரை நான் பார்க்கவில்லை. என் பேச்சில் பொய் இல்லை. அது என் செக்‌ஷன் இல்லைதான். ஆனால் அன்று நான் சங்கத்துக்காரனாக நடக்கவில்லை, வெறும் எழுத்தராக நடந்தேன். நிரந்தர வேலையில் இருக்கிற நம்மில் பலர் இன்றும் அப்படித்தான் இருக்கிறோம்.

விடுப்பு வானத்திலிருந்து விழவில்லை

எங்களுக்கு இருக்கிற உரிமை நிர்வாகத்தின் கருணையால் வந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். 1918 ஏப்ரலில் சென்னையில் பி.பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. திரு.வி.க. அதில் முன்னின்று உழைத்தார். பக்கிங்ஹாம், கர்நாடிக் மில் தொழிலாளிகளுக்கு அன்றிருந்த முதல் குறைகளில் ஒன்று, சோறு தின்பதற்குக் கூட நேரம் போதவில்லை என்பதுதான். உட்கார்ந்து சாப்பிடும் நேரத்துக்கே போராட வேண்டியிருந்த காலத்தில் உடம்பு முடியாமல் படுக்கிற நேரத்துக்குக் கூலி யார் கொடுப்பார்கள்? அந்த மில்லை நடத்திய பின்னி கம்பெனிக்கு நம் பெங்களூரிலும் மில் இருந்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள் இந்த நகரத்து மில்களிலும், கண்டோன்மென்டிலும், ரயில் பாதையிலும் உழைத்தார்கள்.

அன்றைக்கே முதலாளிகள் ஒரு புகார் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: இந்தியத் தொழிலாளி ஒழுங்காக வேலைக்கு வர மாட்டான், ஊருக்குப் போனால் திரும்ப மாட்டான் என்று. வெள்ளைக்கார அரசாங்கம் 1929-ல் அமைத்த விட்லி கமிஷன் 1931-ல் அறிக்கை கொடுத்தது. தொழிலாளிக்கும் கிராமத்துக்கும் உள்ள தொடர்பு கெட்டது அல்ல, அது அவனுக்கு ஒரு பலம், அதை அறுக்கக் கூடாது, முறைப்படுத்த வேண்டும் என்பது அந்தக் கமிஷனின் கருத்து. கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முன்னால் வெள்ளைக்காரன் கமிஷனே சொன்னதை இன்றைய சூப்பர்வைசர் ஒப்புக்கொள்ள மறுக்கிறார்! அவர் எந்த மொழி பேசுகிறவராக இருந்தாலும் பல்லவி ஒன்றுதான்: "ஊருக்குப் போனவன் எப்போ வந்தான்?" பொங்கலுக்கும், அம்மன் திருவிழாவுக்கும், அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கும் போகிறவனைப் பொறுப்பில்லாதவன் என்கிறார்கள். ஊருக்குப் போக முறையான விடுப்பு கொடுத்து, திரும்பி வந்தால் வேலை இருக்கும் என்ற உறுதியும் கொடுத்தால், அவன் ஏன் சொல்லாமல் போகிறான்?

1943-ல் தொழிலாளர் நோய்க் காப்பீட்டைப் பற்றி ஆராயப் பேராசிரியர் அடார்க்கர் நியமிக்கப்பட்டார். 1944-ல் அவர் அறிக்கை வந்தது. அப்போது வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையைப் பார்த்தவர் டாக்டர் அம்பேத்கர். அந்த வேலையின் பலன்தான் 1948-ல் வந்த இ.எஸ்.ஐ. சட்டம். 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டில்லியிலும் திட்டம் தொடங்கப்பட்டது.

வராத நாளைத் தண்டனை ஆக்குவது எப்படி என்பதையும் ரயில்வேக்காரர்கள் பட்டறிந்தவர்கள்தான். 1974 மே 8 முதல் 27 வரை நடந்த ரயில்வே வேலை நிறுத்தத்தை மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தலைமை தாங்கிய ஜார்ஜ் பெர்னாண்டஸ் இந்த மாநிலத்து மங்களூரில் பிறந்தவர். ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றார்கள், வேலை இழந்தார்கள், குடும்பங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து தெருவுக்குத் துரத்தப்பட்டன. வேலை நிறுத்தத்தில் நின்றவர்களின் பணித் தொடர்ச்சி அறுந்துவிட்டதாக எழுதினார்கள். பத்திருபது வருஷ உழைப்பு ஒரு பேனாக் கீறலில் இல்லாமல் போனது. 1977-ல் ஆட்சி மாறிய பிறகுதான் அந்தத் தண்டனைகள் நீக்கப்பட்டன. ஆகவே வராத நாளுக்கு என்ன பெயர் எழுதுவது என்பது வெறும் ஆபீஸ் வேலை அல்ல. யார் கையில் அதிகாரம் இருக்கிறது என்பதைப் பொறுத்த விஷயம் அது.

சட்டத்துக்குள் இருக்கும் கதவுகள்

இனி, நம்மில் பலருக்குப் பயன்படக்கூடிய விவரத்துக்கு வருகிறேன். தாய்மார்கள் கவனமாகக் கேளுங்கள்.

இ.எஸ்.ஐ. பிடித்தம் உங்கள் சம்பளச் சீட்டில் இருக்கும். 2019 ஜூலையில் இந்த விகிதத்தைக் குறைத்தார்கள்: தொழிலாளியின் பங்கு நூற்றுக்கு முக்கால் ரூபாய், முதலாளியின் பங்கு மூன்றே கால் ரூபாய். சம்பள வரம்பு 2017 ஜனவரியில் 21,000 ரூபாயாக ஆக்கப்பட்டது. நோய்வாய்ப்பட்டால் சராசரிக் கூலியில் நூற்றுக்கு 70 வீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். டி.பி. போன்ற நீண்ட நோய்களுக்கு, இரண்டு வருஷம் தொடர்ந்து பதிவில் இருந்தவர்களுக்கு, 80 வீதம் வரை, நீண்ட காலத்துக்கு உண்டு. வேலையில் அடிபட்டால் 90 வீதம். அதற்கு எத்தனை நாள் சந்தா கட்டினாய் என்ற கேள்வி கிடையாது.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே போக மூன்று கதவுகளைத் தாண்ட வேண்டும்.

முதல் கதவு 78 நாள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு ஆறு மாதம், அக்டோபர் முதல் மார்ச் வரை ஒரு ஆறு மாதம் என்று கணக்கு. அந்த ஆறு மாதத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால்தான் நோய்ப் பணம். கன்ட்ராக்டர் பெயரை மாற்றி, கம்பெனியை மாற்றி, நாலு மாதத்துக்கு ஒருமுறை உங்களைப் புதிய ஆளாகக் காட்டுவதன் ரகசியம் இதில்தான் இருக்கிறது. பழைய எண்ணை விட்டுவிட்டுப் புதிய எண் போட்டால் நீங்கள் கட்டிய நாள்கள் பிரிந்துபோகின்றன. ஒருவருக்கு ஆயுளுக்கும் ஒரே இ.எஸ்.ஐ. எண்தான். வேலை மாறினால் பழைய எண்ணையே கொடுங்கள்.

இரண்டாவது கதவு காத்திருப்பு. ஏப்ரலில் சேர்ந்தவருக்கு மறு ஜனவரியில்தான் நோய்ப் பணம் பெறும் காலம் தொடங்குகிறது. இந்த ஒன்பது மாதத்தில் வைத்தியம் உண்டு, பணம் இல்லை.

மூன்றாவது கதவுதான் நம் அக்காவை விழ வைத்தது. நோய் வந்தால் முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. பதினைந்து நாளுக்குள் மறுபடி படுத்தால் மட்டும் விலக்கு. ஏழைக்கு வருகிற நோயில் பெரும்பாலானவை எத்தனை நாள்? ஒரு நாள் வயிற்றுப்போக்கு, இரண்டு நாள் காய்ச்சல். அந்த இரண்டு நாளுக்குத்தான் சட்டத்தில் இடமில்லை. இரண்டே நாளில் தீர வேண்டிய காய்ச்சலுக்கு ஓய்வெடுக்க முடியாமல், அது இருபது நாள் நோயாக முற்றிய பிறகு சட்டம் வந்து கைகொடுக்கிறது!

இன்னொரு விஷயம். நோய்ப் பணம் வாங்கிச் சிகிச்சையில் இருக்கும்போது தொழிலாளியை வேலை நீக்கம் செய்யவோ தண்டிக்கவோ கூடாது என்று 1948 சட்டத்தின் 73-ஆம் பிரிவு சொன்னது. அந்தச் சட்டம் இப்போது 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. அது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. பிரிவு எண்கள் மாறும். சட்டம் மாறிவிட்டது என்று சொல்லி நம்மை ஏமாற்றுகிறவர்களும் வருவார்கள். எந்தப் பிரிவு, எந்தத் தேதி என்று எழுத்தில் கேளுங்கள்.

கடை, ஓட்டல், பேக்கரி, அலுவலகம் ஆகியவற்றில் வேலை செய்கிற தம்பிகளுக்கு ஒரு செய்தி. 1961-ஆம் ஆண்டின் கர்நாடகக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டத்தில், நோய், விபத்து அல்லது வேறு நியாயமான காரணத்துக்கு வருஷத்தில் 12 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. இது தவிர 20 நாள் வேலைக்கு ஒரு நாள் விடுப்பு. தொழிற்சாலையிலும் 20 நாளுக்கு ஒரு நாள் என்ற கணக்கு உண்டு. பழைய சட்டத்தில் 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும், புதிய தொகுப்பில் அது 180 நாளாகக் குறைந்திருக்கிறது. இங்கே உட்கார்ந்திருக்கிற ஓட்டல் தம்பிகளில் இந்த 12 நாளைக் கேட்டு வாங்கியவர்கள் கை தூக்குங்கள்.

(யாரும் கை தூக்கவில்லை.)

அறுபது வருஷத்துக்கு மேலாகச் சட்டப் புத்தகத்தில் இருக்கிற உரிமை அது.

நமக்குள் இருக்கும் நோய்

தோழர்களே, முதலாளியை மட்டும் குறை சொல்லிவிட்டு இறங்கிவிட்டால் எனக்குக் கைதட்டல் கிடைக்கும். ஆனால் அது பாதி உண்மைதான். லீவு எடுக்கிறவனைப் பற்றி நாமே என்ன நினைக்கிறோம்?

ஒருவர் இறந்துபோனால் இரங்கல் கூட்டத்தில் நாம் என்ன சொல்லிப் புகழ்கிறோம்? "முப்பது வருஷ சர்வீஸில் ஒரு நாள் கூட லீவு போட்டதில்லை." என்னவோ அவர் பெரிய தவம் செய்ததைப் போல! கோலார் தங்கவயலை நினைத்துப் பாருங்கள். நம் பாட்டன்மார் வட ஆற்காட்டிலிருந்து போய்ப் பூமிக்குள் இறங்கியவர்கள். பாறைத் தூசி நுரையீரலில் படிந்து வருகிற சிலிகோசிஸ் நோய் அங்கே பரவியிருந்தது. 1940-களில் பரிசோதித்தபோது, பார்க்கப்பட்ட தொழிலாளிகளில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் அந்த நோய் இருந்தது. இருமிக்கொண்டே இறங்கியவர்கள் அவர்கள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள். தங்கம் போன இடம் தெரியவில்லை, இருமல் மட்டும் வீட்டில் மிஞ்சியது. ஒரு நாள் கூட லீவு போடாத அந்த வீரத்தால் யாருடைய வீட்டில் பொன் சேர்ந்தது?

அடுத்தது, பொய். ஒரு பாட்டி மூன்று முறை செத்துப்போகிற கதை எல்லாக் கம்பெனியிலும் உண்டு. நாம் சிரிக்கிறோம், சூப்பர்வைசரும் சிரிக்கிறார். ஆனால் யோசித்துப் பாருங்கள். "எனக்கு முதுகு வலிக்கிறது, இன்று நிற்க முடியாது" என்று உண்மையைச் சொன்னால் லீவு இல்லை. "பாட்டி செத்துவிட்டாள்" என்றால் லீவு உண்டு. உண்மைக்கு மதிப்பில்லாத இடத்தில்தான் பொய் வேலை செய்கிறது. பத்து ரூபாய் மாத்திரையில் தீர்கிற தலைவலிக்கு முந்நூறு ரூபாய் கொடுத்து மெடிக்கல் சர்டிபிகேட் வாங்க வைக்கிறவர்கள், தொழிலாளி பொய்யன் என்று புலம்புவதில் என்ன நியாயம்?

அதற்காக எல்லா லீவும் நியாயம் என்று நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை குடித்துவிட்டுத் திங்கட்கிழமை படுத்திருக்கிற ஆண்களும் நம்மிடம் உண்டு. நிரந்தர வேலையில் இருந்துகொண்டு, மாட்ச் பார்க்க 'சிக்' போடுகிறவர்களும் உண்டு. ஒருவன் அப்படிப் போட்டால் அவன் வேலையை அன்று யார் சுமக்கிறார்? நிர்வாகம் சுமப்பதில்லை, பக்கத்தில் நிற்கிற தோழன் சுமக்கிறான். அடுத்த வாரம் ஒருத்தி உண்மையாகவே விழுந்தால், "எல்லாம் நடிப்பு" என்று சொல்ல அந்த மாட்ச் லீவுதான் சாட்சியாக நிற்கிறது. உரிமையைக் காப்பாற்றுகிறவன் அதை வீணாக்கக் கூடாது. இதை நிர்வாகம் சொன்னால் மிரட்டல். சங்கம் சொல்ல வேண்டும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பேசிப் பார்க்க வழி இல்லாத இடத்தில் நோய் விடுப்பே போராட்டமாகவும் மாறுகிறது. 2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானப் பணியாளர்கள் கூட்டமாக உடம்பு சரியில்லை என்று சொன்னார்கள். எண்பதுக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. சுமார் 25 பேரை நீக்கினார்கள். மே 9 அன்று தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன் பேச்சு நடந்து, அவர்களைத் திரும்பச் சேர்த்தார்கள். இவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் காய்ச்சல் என்று கேட்பது வீண். இத்தனை பேர் ஒரே நாளில் படுக்க வேண்டிய நிலை ஏன் வந்தது என்பதே கேள்வி. நம் தெற்கு ரயில்வேயில் லோகோ பைலட்டுகள் 2024 ஜூனில் வாராந்திர ஓய்வு 46 மணி நேரம் வேண்டும் என்று போராடினார்கள். தூக்கம் இல்லாதவன் ஓட்டுகிற ரயிலில்தான் நம் பிள்ளைகள் ஜோலார்ப்பேட்டைக்குப் போகிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், ஓய்வு என்பது அவர் வீட்டுச் சொந்த விஷயம் அல்ல என்பது புரியும்.

வராமல் இருக்கும் உரிமையைப் பறித்தால் அது எங்கே போய் நிற்கும் என்பதை இதே நகரம் 2020 மே மாதத்தில் பார்த்தது. ஊரடங்கில் கூலியும் சோறும் இல்லாமல் தவித்த பீகார், ஒடிசாத் தொழிலாளிகள் ஊர் திரும்ப ரயில் கேட்டார்கள். கட்டுமான முதலாளிகளை முதலமைச்சர் சந்தித்த பின், ரயில்கள் வேண்டாம் என்று அரசு ரயில்வேக்கு எழுதியது. நாடெங்கும் கண்டனம் எழுந்ததும் சில நாளில் அதை மாற்றிக்கொண்டார்கள். அவர்கள் வேறு மொழி பேசுகிறவர்கள்தான். ஆனால் அவர்கள் நின்ற வரிசையில் ஒரு காலத்தில் நம் தாத்தா நின்றார்.

நூற்றுப் பதினான்கு நாள்

"முதல் நாளிலிருந்தே கூலி கேட்பது நடக்கிற காரியமா?" என்று சிலர் கேட்பீர்கள். மேற்கு ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் என்று ஒரு மாநிலம். கப்பல் கட்டும் ஊர்கள் உள்ள இடம். அங்கே ஆபீஸ் ஊழியருக்கு நோய் வந்தால் ஆறு வாரம் சம்பளம் ஓடும். தொழிற்கூடத்தில் வேலை செய்கிறவருக்கு முதல் மூன்று நாளுக்கு ஒன்றும் இல்லை. எழுத்தருக்கு ஒரு நீதி, உழைப்பாளிக்கு ஒரு நீதி. நான் முதலில் சொன்ன இரண்டு பதிவேடு அங்கேயும் இருந்தது!

1956 அக்டோபர் 24 அன்று உலோகத் தொழிலாளிகள் வேலை நிறுத்தம் தொடங்கினார்கள். கூலி உயர்வு மட்டும் அவர்கள் கோரிக்கை அல்ல. நோய் நாளின் கூலிதான் முக்கியக் கோரிக்கை. குளிர்காலம் முழுவதும், பொங்கலைப் போல அவர்கள் கொண்டாடும் கிறிஸ்துமஸும் கடந்து, 114 நாள் நின்றார்கள். 1957 பிப்ரவரியில் முடித்தார்கள். அந்த வருஷமே சட்டம் கொஞ்சம் இளகியது. 1970 ஜனவரி முதல், தொழிலாளிக்கும் முதல் நாளிலிருந்தே ஆறு வாரம் முழுக் கூலி என்று சட்டம் வந்தது. ஒரே நாளில் வரவில்லை; போராடிப் பதின்மூன்று வருஷம் ஆயிற்று. அவர்களுடைய மூன்று நாளும் நம்முடைய இரண்டு நாளும் ஒரே கதவுதான்.

வீட்டில் யார் வருகைப் பதிவேடு எழுதுகிறார்?

தாய்மார்களே, இதுவரை நான் சொன்னதில் உங்களில் பாதிப் பேர் வரவே இல்லை. வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு 2004-ல் கர்நாடகம் குறைந்தபட்சக் கூலியை அறிவித்தது. ஆனால் நாலு வீட்டில் வேலை செய்கிறவள் ஒரு நாள் படுத்தால், நாலு வீட்டு அம்மாவிடமும் தனித்தனியாகக் கெஞ்ச வேண்டும். ஊதுபத்தி உருட்டுகிறவர்களுக்குக் கேட்பாரே இல்லை. என் தாயார் அப்படி உருட்டினவர். மாவு படிந்த கையோடு காய்ச்சலில் உட்கார்ந்திருப்பார். "எனக்கு யாரு முதலாளி, நான் யாருகிட்ட லீவு கேக்கறது?" என்பார்.

2025 அக்டோபரில் கர்நாடக அமைச்சரவை, பெண்களுக்கு மாதவிடாய்க்காக மாதம் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு தர ஒப்புதல் கொடுத்தது. கார்மெண்ட்ஸ் ஆலைகளும் அதில் சேரும் என்றார்கள். இதைக் கேட்டு நம் ஆண்களில் சிலர் சிரித்தார்கள். "இனிமே பொம்பளைங்களை வேலைக்கே எடுக்க மாட்டான்" என்றார்கள். பிரசவ விடுப்பு வந்தபோதும் இதே பேச்சுதான். சிரித்தவர்களின் மனைவியர் அந்த நாளிலும் காலை ஐந்து மணிக்குக் குழாயடியில் நின்று தண்ணீர் பிடித்து, சமைத்து, ஆறரைக்கு வண்டி பிடித்திருக்கிறார்கள். கம்பெனியில் லீவு கேட்கிற நாம் வீட்டில் லீவு கொடுக்கிறோமா? மனைவி படுத்த நாளில் சோறு வடிக்கத் தெரியாதவன், சூப்பர்வைசரை மனிதத்தன்மை இல்லாதவன் என்று சொல்ல என்ன தகுதி வைத்திருக்கிறான்?

என்ன செய்யலாம்?

பேசிக் கலைவதற்காக நாம் கூடவில்லை. ஐந்து காரியங்களை முன்வைக்கிறேன். கமிட்டி விவாதித்து முடிவெடுக்கட்டும்.

ஒன்று. ஒவ்வொரு ஞாயிறும் மாலை நம் சங்க அறையில் இ.எஸ்.ஐ. எண் சரிபார்க்கப்படும். சம்பளச் சீட்டும் போனும் கொண்டு வாருங்கள். பிடித்த பணம் கட்டப்பட்டிருக்கிறதா, 78 நாள் ஆகிறதா என்று பார்த்துச் சொல்கிறோம். எழுத்தர் வேலை தெரிந்த நாங்கள் நாலு பேர் இருக்கிறோம். இனி "அது என் செக்‌ஷன் இல்லை" என்று யாரும் சொல்ல மாட்டோம்.

இரண்டு. காய்ச்சல் என்றால் முதல் நாளே இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியிலோ அரசு ஆஸ்பத்திரியிலோ சீட்டுப் போடுங்கள். ராஜாஜிநகர், இந்திராநகர் என்று இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. பவுரிங்கும் விக்டோரியாவும் இருக்கின்றன. சீட்டுதான் சாட்சி. வாயால் சொன்னது காற்றோடு போகும்.

மூன்று. வர முடியாத செய்தியை அன்றே வாட்ஸ்அப்பிலாவது தேதியோடு எழுதி அனுப்புங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்க வேண்டும். கன்னடத்தில் எழுதினால் இன்னும் நல்லது. சொல்லாமல் நின்றவர் என்ற பழி வரக் கூடாது. உடம்பு தேறித் திரும்பும் நாளில் சங்கத்திலிருந்து ஒருவர் கூடவே வாசல் வரை வருவார்.

நான்கு. காய்ச்சல் நிதி. சட்டம் கைவிட்ட அந்த இரண்டு நாளை நாமே தாங்குவோம். நம் 140 குடும்பங்களும் மாதம் 20 ரூபாய் போட்டால் 2,800 ரூபாய். நாளுக்கு 300 வீதம் இரண்டு நாளுக்கு 600. மாதம் நாலு பேரைத் தாங்கலாம். மருந்துச் சீட்டு ஒன்று போதும்; வேறு விசாரணை கிடையாது. இது தர்மம் அல்ல. நம் பணம், நம் நாள்.

ஐந்து. நாம் நிதி சேர்ப்பதால் முதலாளியின் கடமை தீர்ந்துவிடாது. காத்திருப்பு நாளை நீக்கு, கன்ட்ராக்ட் தொழிலாளிக்கும் முதல் நாளிலிருந்தே நோய்க் கூலி கொடு, வருகைப் பணத்தை நோய் நாளுக்காகப் பிடிக்காதே என்ற கோரிக்கைகளைக் கன்னட, தெலுங்கு, உருது, இந்தி பேசும் தொழிலாளிகளோடு சேர்ந்து எழுப்ப வேண்டும். தமிழர் சங்கம் தனியாகக் கேட்டால், "உங்கள் ஊருக்குப் போய்க் கேள்" என்பார்கள். எல்லோரும் சேர்ந்து கேட்டால் அப்படிச் சொல்ல முடியாது.

கடைசியாக, படிக்கட்டில் விழுந்த அந்த அக்காவிடம் ஒரு வார்த்தை. இந்த வாரம் நீங்கள் வேலைக்குத் திரும்பப் போவதாகச் சொன்னீர்கள். தையல் இன்னும் பிரிக்கவில்லை. நிதி அடுத்த மாதம்தான் தொடங்கும். ஆனால் அதற்காக நீங்கள் காத்திருக்க வேண்டாம். கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு துண்டு விரிக்கப்படும். டாக்டர் போகலாம் என்று சொல்கிற நாளில் வேலைக்குப் போங்கள், அதற்கு முன் வேண்டாம். அன்று உங்களோடு கம்பெனி வாசலுக்கு வருகிற முதல் ஆள் நானாக இருப்பேன். அன்றைக்கு நான் எனக்கு ஒரு நாள் லீவு போடுகிறேன். அதற்குக் காரணம் என்று எந்தப் பாட்டியையும் சாகடிக்க மாட்டேன்.